பதினைந்து நிமிஷத்துப் பங்களா

தந்திக்காரனுக்குத் தெரியாத தெரு இல்லை என்று ஊரில் சொல்வார்கள்; அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூடத் தந்தி கொண்டுபோனவர் இல்லை.

நான் கொண்டுபோனவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கொடைக்கானலில். மோட்டார் கார்கள் மலையேறப் பழகிவிட்டன. போன சீசனில் சீகை மரமாக இருந்த இடத்தில் இந்த சீசனில் பங்களா இருக்கும். விலாசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே வாசலுக்கு மூன்று தரம் போய் நின்று, அந்த வீட்டு நாயே சலித்துப்போய் குரைப்பதை நிறுத்திவிட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள். இல்லையென்றாலும் படியுங்கள், உங்கள் ஊரும் வளராமலா போய்விடும்!

பச்சை அட்டை

எனக்குச் சொந்த ஊர் பண்ணைக்காடு. கல்யாணமான மறுவருஷம், கொடைக்கானல் பஜாருக்கு மேலே இருந்த ஒரு சின்னத் தந்தி ஆபீசில் தற்காலிக வேலை கிடைத்தது. என் மனைவி செல்லம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். மாமனார் வாழைத்தோட்டக்காரர். "வேலை நிலைச்சதும் சொல்லுங்க மாப்ளே, அனுப்புறேன். தற்காலிகத்துக்கெல்லாம் எம் மகளை அனுப்புறதா இல்லை" என்றார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நிரந்தரமாகாமல் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன மறுநாளே வருத்தமாக இருந்தது. மாசியில் பெண் குழந்தை பிறந்ததாகக் கடிதம் வந்தது. யார் ஜாடை என்று எழுதிக் கேட்டேன். 'மூக்கு உங்களோடது' என்று பதில். அதற்கப்புறம் சவரம் பண்ணும்போதெல்லாம் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பெண்ணைப் பற்றி எனக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

வேலை நிரந்தரமாவது ஒரு பச்சை அட்டையின் கையில் இருந்தது. ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கும். எந்த பங்களாவுக்கு நடந்துபோக எத்தனை நிமிஷம் என்று அதில் எழுதியிருக்கும். முன்னொரு காலத்தில் இருந்த தந்தி மாஸ்டர் ஒருவர், கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றையடிப் பாதைகளில் தானே நடந்து பார்த்து எழுதியது. தந்தியை வாங்குகிறவர் ரசீதில் நேரம் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அட்டையில் உள்ள நேரத்தைத் தாண்டியிருந்தால் என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு. வைகாசி முடிவதற்குள் பத்துக் கோடு விழுந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். விழாவிட்டால் நிரந்தரம்.

வந்த மாதமே மூன்று விழுந்தது. எங்கள் மாஸ்டர் திண்டுக்கல்காரர், கெட்ட மனிதர் இல்லை. குளிருக்குப் பயந்து மப்ளரைக் கழற்றாதவர். ஆபீசுக்குப் பின்னாலேயே வீடு, அதைத் தாண்டி எங்கும் போகமாட்டார். அவரிடம் போய், "சார், அட்டையில இருக்கிற பாதை ஒண்ணுமே இப்ப இல்லை. எல்லாத்துக்கும் வேலி போட்டுட்டாங்க. ஊர் வளர்ந்துபோச்சு" என்றேன். அவர் சிவப்பு மையைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "ஊரு வளரலாம் ராமையா. அட்டை எப்படிய்யா வளரும்?"

முன்வாசல் மரியாதை

ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தால், ஓடைக்கு அந்தப் பக்கம் 'லார்க்ஸ்பர்' என்ற பங்களாவின் சிவப்பு ஓடு தெரியும். புகைபோக்கியில் புகை வந்தால் அடுப்பில் என்ன வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம் போல இருக்கும். அட்டையில் அதற்குப் பதினைந்து நிமிஷம். ஓடையில் இறங்கி, கல் தாண்டி, பேரித் தோட்டம் வழியாக ஏறினால் சமையல்கட்டு. ஆனால் அந்த வருஷம் பங்களாவை வாங்கிய வயதான துரைசானி, தோட்டம் என்ன சத்திரமா என்று சுற்றிலும் முள்கம்பி போட்டுவிட்டார். முன்வாசல் புது மோட்டார் ரோட்டில். மோட்டாரால் ஆடு மாதிரி செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்த ரோடு மலையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் அங்கே போகும்.

இது தெரியாமல் பழைய வழியில் போய் வேலியில் முட்டி நின்றேன். அந்தப் பக்கம் கை எட்டும் தூரத்தில் பங்களா பட்லர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தந்தியை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. "வேலி வழியா எதையும் வாங்கப்படாதுன்னு அம்மா கண்டிசனாச் சொல்லிட்டாக. முன்வாசலுக்கு வாங்க" என்றார். "அண்ணே, கண்ணு முன்னால நிக்கிறேனே!" என்றேன். "நான் உங்களைப் பாக்கவே இல்லையே" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

திரும்ப ஓடையில் இறங்கி, ஏறி, பஜாருக்கு வந்து, ஏழு ரோடு சந்திப்பைத் தாண்டி, மலையைச் சுற்றி மூச்சு வாங்க முன்வாசலுக்குப் போனபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. அதே பட்லர் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். ரசீதில் ஒரு நிமிஷம்கூடக் குறைக்காமல் நேரத்தை எழுதினார். பிறகு என்னை முதல்முறையாகப் பார்ப்பவர் போல அன்பாகக் கேட்டார்: "ரொம்ப நேரமாச்சே, வழி தெரியாம அலைஞ்சீங்களோ?"

வக்கீலோடு போன பலகை

அப்போது எங்கள் மலையில் பங்களாவுக்கு எண் பார்க்கிற வழக்கம் இல்லை, பெயர்தான். மரப்பலகையில் எழுதி வாசல் தூணில் அடித்திருப்பார்கள். சீசனுக்குச் சீசன் வாடகை வீடு மாறுகிற சிலர், சட்டி பானையோடு அந்தப் பலகையையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ராசியான பெயராம்! மதுரையிலிருந்து சீசனுக்கு வரும் வக்கீல் ஒருவர் அந்த ரகம். 'பிரிம்ரோஸ்' என்று போட்டு அவருக்குத் தந்தி வந்தது. போன வருஷம் பிரிம்ரோஸ் இருந்த இடத்துக்குப் போனேன். தூணில் 'ஃபேர்வியூ' என்றிருந்தது. அது ஏரிக்கு மேலே இருந்த வீடாயிற்றே, அங்கே ஒருவேளை பிரிம்ரோஸ் போயிருக்குமோ என்று ஏரிக்கு மேலே ஏறினேன். அங்கே 'ஹில்சைடு'. அது நாயுடுபுரம் பக்கத்துப் பெயர். நாயுடுபுரம் போனேன். அங்கே பலகையே இல்லை. தூணில் இரண்டு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. அந்த ஓட்டைகளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

கடைசியில் பிரிம்ரோஸ் அகப்பட்டது. ஊர் முடிந்து, ரோடு முடிந்து, கல் ஜல்லி கொட்டிக் கிடக்கிற இடமும் முடிந்து, சுண்ணாம்பு வாசம் போகாத ஒரு புதுவீட்டில். வக்கீல் கம்பளிக் குல்லாயோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வராத குறை. "வீடு மாறினதை ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றேன். அவர் தந்தியைத் திருப்பி விலாசத்தைக் காட்டி, கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்டார்: "வீடுதானேய்யா மாறியிருக்கு? விலாசம் அதேதானே?"

மேகம் இறங்கியபோது

மழைக்கு முந்தின ஒரு நாள் மத்தியானம் மேகம் இறங்கி, நீட்டின கை தெரியவில்லை. புதுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டைத் தேடி, எந்த ரோட்டில் போனாலும் முட்டுச்சந்தில் நின்று, திரும்பித் திரும்பி ஒரே மைல்கல்லுக்கு வந்துகொண்டிருந்தேன். மேகத்துக்குள்ளிருந்து கோட்டும் குடையுமாக ஒருவர் வந்தார். பெரிய மனிதராகத் தெரிந்தது. தெய்வம்தான் அனுப்பியது என்று ஓடிப்போய், இன்னார் வீடு எது என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இன்னார் அவர்தான். குடிவந்து மூன்று நாளாகிறதாம். சிகரெட் வாங்க வந்தவர் ஒரு மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாராம். தந்தியை அங்கேயே வாங்கிப் படித்து, ரசீதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அவர் வீட்டைத் தேடினோம். ஒவ்வொரு வேலியாகத் தடவிப் பார்த்துக்கொண்டே அவர் முணுமுணுத்ததை மறக்க முடியாது: "காலையில இங்கதான்யா இருந்துச்சு."

மிளகாய் வற்றல் ரோடு

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தர், எல்லா பங்களா அடுப்பங்கரைக்கும் சரக்கு அனுப்புகிறவர். சுமைகாரர்கள் தலையில் மூட்டையோடு போய் வருவதால், ஊரின் எந்த மூலையும் அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டின் பெயர் ஒன்றும் தெரியாது. "ரெண்டு வீசை காப்பிக்கொட்டை வீடு", "நெய்யே வாங்காத வீடு" என்றுதான் சொல்வார். ஆறு சிவப்புக் கோடு விழுந்த அன்று அவரிடம் போய் உட்கார்ந்து அழாக்குறையாகச் சொன்னேன். "பொம்பளைப் புள்ளையை இன்னும் பாக்கலையா நீங்க? அட என்ன தம்பி!" என்று அவருக்கே மனசு கேட்கவில்லை. மேஜையைத் துடைத்து, ஊரையே அதில் பரப்பிக் காட்டுகிறேன் என்றார்.

ஏரிக்கு ஒரு தட்டு. மலைக்கு உருளைக்கிழங்கு. பங்களாவுக்கு மிளகு. ரோட்டுக்கு மிளகாய் வற்றல். முதலில் பழைய ஊரை வைத்தார். வற்றல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, எங்கே விரலை வைத்தாலும் எங்கேயும் போகலாம் போல இருந்தன. பிறகு புது ஊரை வைத்தார். ஒவ்வொரு வற்றலும் பெரிய ரோட்டிலிருந்து கிளம்பிப் போய், ஒரு மிளகைத் தொட்டதும் நின்றுவிட்டது. பக்கத்து மிளகுக்குப் போக வேண்டுமானால் பெரிய ரோட்டுக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும். ராவுத்தர் கையில் ஒரு வற்றலை வைத்துக்கொண்டு அப்படியே யோசனையில் ஆழ்ந்துவிட்டார். எனக்கும் அன்றைக்குத்தான் விஷயம் லேசாகப் பிடிபட்டது. முன்பு ரோடு கொஞ்சம், வழி நிறைய. இப்போது வீட்டுக்கு ஒரு ரோடு, வழிதான் இல்லை.

எந்த வற்றல் எந்த ரோடு என்று நான் ஒரு தாளில் எழுதிக்கொள்ளப் போகிற நேரத்தில், பள்ளங்கியிலிருந்து வந்த ஒரு அம்மாள் வற்றல் கேட்டார். மூட்டை காலி. இருபது வருஷத்து வியாபாரக் கை, அது சும்மா இருக்குமா? மேஜையை ஒரேயடியாக வழித்துத் தராசில் போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டது. அந்த அம்மாள் படியிறங்கிப் போன பிறகுதான் இருவரும் மேஜையைப் பார்த்தோம். தட்டும் உருளைக்கிழங்கும் மட்டும் இருந்தன. ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஊரு மொத்தமும் கால் வீசைதான் தம்பி இருந்துச்சு. வித்துப்புட்டேன்."

முள்ளை எடுத்தவன்

எனக்கு விடிவு காலம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பொன்னுத்தாய் என்று ஒரு பெண்; பள்ளங்கியிலிருந்து வெள்ளனே கிளம்பிப் பங்களாக்களுக்குக் காய்கறி கொண்டுவருகிறவள். தலையில் கூடையோடு அவள் ஒரு வீட்டுக்குள் போவதைப் பார்ப்பேன். நான் ரோட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே காய் நிறுத்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு ரெக்கை இருக்கிறதா என்று குழம்பிப்போய் ஒருநாள் பின்னாலேயே போனேன். பார்த்தால், வேலியில் ஒரு பொத்தல். அதை ஒரு முள் கொப்பு அடைத்திருந்தது. கொப்பை எடுத்தாள், குனிந்து நுழைந்தாள், அந்தப் பக்கம் நின்று கொப்பைத் திரும்ப இழுத்து வைத்தாள். வேலி முழுசாகிவிட்டது!

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஆயாக்கள், சலவைக்காரர், பால்காரர், சமையற்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போய்வந்தார்கள். எஜமானர்கள் ஊரை அடைத்த இடத்திலெல்லாம் வேலைக்காரர்கள் முள்ளை வைத்து வழி திறந்திருந்தார்கள். என் கதையைக் கேட்டு, எனக்கும் அந்த வழிகளைக் காட்டினாள். நிபந்தனை இரண்டுதான். வேலிக்கு மேலே சிவப்பாகத் தெரியும் என்பதால் என் சர்க்கார் தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நுழைந்தவன் முள்ளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். எட்டுக் கோட்டோடு என் கணக்கு நின்றது. லார்க்ஸ்பர் பேரித் தோட்டத்து வேலியில்கூட ஒரு பொத்தல் இருந்தது. அதில் நுழைந்து பக்கவாட்டுப் பாதையில் முன்வாசலுக்கே போய் மணி அடித்து, பதிமூன்று நிமிஷத்தில் பட்லரைக் கையெழுத்துப் போட வைத்தேன். சித்திரை முழுக்க ஒரு கோடு இல்லை. செல்லம்மாவுக்குக் கம்பளி வாங்கிவிட்டேன்.

புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வைகாசியில் ஒருநாள் அவசரமாக நுழைந்தேன். நுழைந்த சந்தோஷத்தில் முள்ளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு மாடு உள்ளே போய்த் துரைசானியின் டாலியா பாத்தி முழுவதையும் தின்றுவிட்டது. அடுத்த நாளே ஆள் வைத்து எல்லா வேலிகளையும் சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்து பங்களாக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று நாளில் அந்தச் சரிவில் ஒரு பொத்தல் பாக்கியில்லாமல் கம்பி வைத்துத் தைத்துவிட்டார்கள். எனக்கு ஒன்பதாவது கோடு விழுந்தது. அது என் தப்பு, நான் பட வேண்டியதுதான். ஆனால் ஆயாக்களும் சலவைக்காரரும் சுமையோடு மோட்டார் ரோட்டைச் சுற்றிப் போவதைப் பார்க்க எனக்குக் கூசியது. எதிரே பொன்னுத்தாய் வந்தாள். ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவள் திட்டவில்லை. கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்: "ஒரு முள்ளை எடுத்து வைக்கிற சோலி. அது உங்களுக்குப் பெருசாப் போச்சு."

இன்ஸ்பெக்டர் நடந்தார்

வைகாசி முடிய நான்கு நாள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தி இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். என் பெயருக்கு எதிரே இருந்த ஒன்பது கோடுகளையும் விரலால் எண்ணிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து லார்க்ஸ்பருக்கு ஒரு தந்தி வந்தது. அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து, "அந்தச் செவப்பு ஓடா? கல்லை விட்டு எறிஞ்சா விழும் போலக் கெடக்கு. இதுக்கா ஐம்பது நிமிஷம்?" என்றார். நான் வழி சொல்ல ஆரம்பித்தேன். குழப்பாதே என்று கையமர்த்திவிட்டு, தந்தியை என் கையிலிருந்து வாங்கித் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "நான் முன்னால போறேன். நீ பேசாம பின்னால வா."

பேசாமல் போனேன். ஓடையில் இறங்கி ஏறினார், வேலி. புதுக் கம்பி மினுமினுத்தது. வேலியோரமாகவே இடது பக்கம் போனார், இன்னொரு வேலி. திரும்பி வந்து மோட்டார் ரோட்டைப் பிடித்தார். முதல் பிரிவில் திரும்பினார். அது ஒரு வீட்டு வாசலில் முடிந்தது. அடுத்த பிரிவு ஒரு கல் குவாரியில் முடிந்தது. மூன்றாவது பிரிவின் முடிவில் நின்று பார்த்தால் லார்க்ஸ்பரின் பின்பக்கம் தெரிந்தது. நடுவே பத்தடிப் பள்ளம். அந்தப் பக்கம் பட்லர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கோட்டைத் தட்டிவிட்டு, தான் யார் என்பதைச் சத்தமாகச் சொன்னார். பட்லர் பணிவாகக் கும்பிட்டு, "முன்வாசலுக்கு வாங்க எசமான்" என்றார். இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முதல்முறையாக ஒரு சகோதர பாசம் தெரிந்தது.

முன்வாசலில் ரசீதில் எழுதிய நேரத்தைப் பார்த்தபோது ஒரு மணியும் இருபது நிமிஷமும் ஆகியிருந்தது. ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். மாஸ்டர் சட்டம் தெரிந்தவர். ரசீதை வாங்கி அட்டையோடு ஒத்துப்பார்த்தார், பேனாவைச் சிவப்பு மையில் தொட்டார், பத்தாவது கோடு. ஆனால் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. தந்தி யார் கையில் போயிற்று என்று மாஸ்டர் என்னைக் கேட்டார். ஐயா பையில் என்றேன். மப்ளரைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த மரியாதையோடு அவர் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்: "இந்தக் கோட்டை யாரு பேருக்கு நேரா போடணும்னு ஐயாதான் சொல்லணும்."

செல்லம்மா வந்த வழி

அந்தக் கோடு யார் பெயரிலும் விழவில்லை. அட்டை ஆணியிலிருந்து இறங்கியது. எனக்கு வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. அதை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதீர்கள். மூஞ்சிக்கல்லுக்கு மேலே சரிவில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். தந்திச் சேவகனான எனக்கு லீவு கிடைக்கவில்லை, போய்க் கூட்டிவர முடியாது. மாமனாருக்கே எழுதினேன்: பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மேலே வாருங்கள், இடது பக்கம் இரண்டாவது ரோட்டில் திரும்புங்கள், கடைசி வீடு. ஊரெல்லாம் தந்தி கொடுக்கிறவன் எழுதிய வழி, தப்பாகுமா? ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்து அவர்கள் கிளம்புவதற்குள், அந்தச் சரிவில் யாரோ பங்களா கட்டப் புதிதாக ஒரு ரோடு வெட்டிவிட்டார்கள். இரண்டாவது ரோடு மூன்றாவதாகிவிட்டது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். என் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

பஸ் வந்த நேரத்தில் நான் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தந்தியோடு இருந்தேன். ஓடிவந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. சரிவின் விளிம்புக்கு வந்து நின்றேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், புது ரோட்டின் முடிவில், மாமனார் தோளில் ஒரு வாழைத்தாரோடு நின்றார். பக்கத்தில் செல்லம்மா, கையில் துணி மூட்டை மாதிரி ஏதோ. ஏழு மாதம் ஆயிற்று அவளைப் பார்த்து. இடையில் பள்ளம், பள்ளத்தின் இரண்டு கரையிலும் புதுக் கம்பி வேலி. "அங்கேயே நில்லுங்க, வாரேன்!" என்று கத்திவிட்டு ரோடு ரோடாகச் சுற்றி அரை மணி நேரத்தில் அந்த இடத்துக்குப் போனேன். யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் என் வீட்டு வாசலில் மாமனாரும் வாழைத்தாரும். நான் கத்தியது அவர் காதில் விழவில்லையாம். அவர்கள் பஜார் பக்கம் இறங்கி வேறு ரோட்டில் ஏறியிருக்கிறார்கள். "நகராதீங்க மாப்ளே, நாங்களே வாரோம்!" என்று அவர் கத்தினார். "நீங்க நகராதீங்க மாமா!" என்று நான் கத்தினேன். இரண்டு பேரும் மரியாதை தெரிந்தவர்கள். பேச்சைக் கேட்டு இரண்டு பேருமே நகராமல் நின்றோம். கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் என்ன செய்கிறோம் என்று புரிந்தது.

அப்போது செல்லம்மா விளிம்புக்கு வந்தாள். அந்த மூட்டையின் மேல்துணியை விலக்கி, இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கி எனக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். மேகம் விலகி நல்ல வெயில். முகம் சரியாகத் தெரியவில்லை. கறுப்பாகத் தலைமுடியும், காற்றில் உதைக்கிற இரண்டு காலும் தெரிந்தன. மூன்றரை மாதமாக நான் நினைத்து நினைத்துப் பார்த்த குழந்தை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகை கட்டிய சர்க்கார் சேவகன், நடுரோட்டில் விசும்பி விசும்பி அழுதேன். அங்கிருந்து அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ, செல்லம்மா கத்தினாள்: "ஏங்க, அழுதுக்கிட்டு நிக்காம வெரசா வாங்க! இல்லாட்டி இவ நடக்கக் கத்துக்கிட்டு அவளே எதுக்க வந்துருவா!"

என் மகள் எனக்குக் கிடைத்தது எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டால், பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணால் பார்த்த நேரத்தைச் சொல்வதா, மலையைச் சுற்றிப்போய்க் கையில் வாங்கிய நேரத்தைச் சொல்வதா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.